லிவர்மோருக்கு வழி

சனிக்கிழமையானால் லிவர்மோர் கோயிலுக்கென்று வீட்டில் சொல்லிக் கிளம்பி, அந்த ஊர் ஒயின் தோட்டத்தில் ஒரு கிளாஸோடு உட்கார்ந்துவிட்டு வருவது திருமூர்த்தியின் வழக்கம். இன்று மனைவி கலாவதியும் காரில் ஏறிக்கொண்டாள்.

ஃப்ரீவேயை விட்டு இறங்கியதும் முழித்தார். கோயில் இடப்பக்கமா, வலப்பக்கமா? ஜிபிஎஸ் போட்டால் மானம் போய்விடும்.

"புதன்கிழமை கோயில் பஜனைக்கு நீ வர்றதானே கலா? வழி சொல்லேன்."

"வாராவாரம் டிரைவ் பண்றவர் நீங்க. என்னைப் போய்க் கேக்கறீங்க?"

பின்னால் ஹார்ன் அடித்தார்கள். பதற்றத்தில் பழகிய கை தானாகத் திரும்ப, கார் ஒயின் தோட்டத்து வாசலில் போய் நின்றது.

"ரெஸ்ட்ரூம் போயிட்டுப் போகலாம்" என்று சமாளித்தபடி உள்ளே நுழைந்தார். கலாவதியும் பின்னாலேயே வந்தாள்.

கவுன்ட்டரில் இருந்த அமெரிக்கப் பெண், கேட்காமலே அவருக்குச் சிவப்பு ஒயினும் கலாவதிக்கு வெள்ளை ஒயினும் ஊற்றி வைத்தாள். பிறகு இருவரையும் மாறிமாறிப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டாள்:

"அட, நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்சவங்களா?"