வாயைக் கட்டிய அண்ணன்

"மூளையில கட்டின்னா தலைதானே வீங்கணும்? உடம்பு எப்படி வீங்கும் முத்துமீனா?"

பேரையூரிலிருந்து ஒரு சோலியாக மதுரைக்கு வந்த கண்ணுச்சாமி, பசுமலையில் இருக்கும் தங்கை வீட்டை எட்டிப் பார்க்க வந்திருந்தார்.

"கட்டியை எடுத்துட்டாங்கண்ணே. வயிறு நிறைஞ்சிருச்சுன்னு சொல்ற இடமும் அதோட கெட்டுப்போச்சாம். எம்புட்டுத் தின்னாலும் அவளுக்குப் பசிக்குது."

"ஏன், எனக்கெல்லாம் பசிக்கலையா?"

உள்ளறையில் முத்துமீனாவின் மகள் பவதாரிணி கல்லூரிப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்தே இருந்தது. கண்ணுச்சாமி குரலை இன்னும் உயர்த்தினார்.

"மாமாவைப் பாரு தாயி. தீபாவளிக்கு என் வயிறு எப்படி இருந்துச்சு? இப்ப சட்டை தொளதொளங்குது. என்ன பண்ணேன்? வாயைக் கட்டினேன். அம்புட்டுதேன்."

"வாயைக் கட்டலாம் மாமா. பசியை எதை வச்சுக் கட்டுறது?"

"பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சலில்லை."

முத்துமீனா அண்ணன் தட்டில் மூன்றாவது இட்லியை வைக்கப் போனாள். அவர் கையை நீட்டி மறித்தார்.

"போதும்."

மகள் வாயிலிருந்து அந்த ஒரு சொல்லைக் கேட்க முத்துமீனா மூன்று வருஷம் காத்திருந்தாள். டாக்டர் எழுதிக்கொடுத்த வாராந்திர ஊசியைப் போட ஆரம்பித்த பிறகு, போன மாதம் ஒரு நாள் பாதித் தோசையை ஒதுக்கிவிட்டு, "போதும்மா" என்றாள் பவதாரிணி. அந்தப் பாதித் தோசையை எறிய மனம் வராமல் வெகுநேரம் மூடி வைத்திருந்தாள் அம்மா.

"இப்ப ரெண்டு வாரமா ஊசி கிடைக்கலண்ணே. பசி திரும்பிருச்சு. அடுப்படியைப் பூட்டிச் சாவியை ஒளிச்சு வைம்மான்னு அவளே சொல்றா. நானும் மதுரை பூராவும் தேடிட்டேன். ஒல்லியாகணும்னு ஆளாளுக்கு அள்ளிட்டுப் போயிர்றாங்களாம்."

"சோம்பேறிப் பயலுக. நாலு எட்டு நடந்தா கரையாதா?" கண்ணுச்சாமிக்கு உண்மையாகவே கோபம் வந்தது. "நம்ம சனம் காட்டு வேலை பார்த்தப்ப எவனுக்குத் தொப்பை இருந்துச்சு? நாளையிலேருந்து இவளை மலையைச் சுத்தி நடக்கச் சொல்லு. ஊசியாவது மண்ணாவது."

கை கழுவிவிட்டு வந்து பையை எடுத்தார்.

"சரி, வாரேன். ஃப்ரிட்ஜ்ல ஐஸ் இருந்தா இதுல கொஞ்சம் போட்டுக் குடு. ஊர் போய்ச் சேர நேரமாகும்."

பையிலிருந்து அகல வாய் பிளாஸ்க் ஒன்றை நீட்டினார்.

"மீன் வாங்குனீங்களாண்ணே?"

அவர் பதில் சொல்வதற்குள் முத்துமீனா மூடியைத் திறந்துவிட்டாள். உருகிய ஐஸுக்கு மேலே, பாலித்தீன் பைக்குள், அவள் கடை கடையாகக் கேட்டு அலைந்த அதே ஊசி. நாலு பெட்டி.

வந்ததிலிருந்து முதன்முறையாகக் கண்ணுச்சாமி குரலைத் தாழ்த்தினார்.

"அடுத்த மாசம் எனக்கு அறுபதாங் கல்யாணம்ல, போட்டோ எடுப்பாங்க. உன் மதினிகிட்ட சொல்லிறாத."