ஒரு எஸ், ரெண்டு எஸ்

"டெசர்ட்டுக்கு ஒரு எஸ் போட்டா பாலைவனம். ரெண்டு எஸ் போட்டா, சாப்பாடு முடிஞ்சதும் தர்ற இனிப்பு. புரிஞ்சுதா?" என்றார் இங்கிலீஷ் சார், மைக்கில்.

"எங்களுக்கு அந்தப் பாலைவனமே போதும் சார். இனிப்பு எந்தக் காலத்துல வந்துச்சு?" என்றார் காஜாக்காரர்.

மாடி ஹால் முழுக்கச் சிரித்தது. காலரக்காவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தத் தையல் கம்பெனியில் பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் நிலைக்கவில்லை. எந்த வேலையைச் செய்கிறார்களோ அதுதான் பெயர்; பட்டன் ஓட்டை தைக்கிறவர் காஜாக்காரர். சட்டைக்குக் காலர் வைத்து வைத்தே அவளுக்குக் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.

கம்பெனியை மூடப் போகிறார்கள் என்று கொஞ்ச நாளாகவே பேச்சு. அதிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. வீட்டுக்காரர் எழுந்து நடமாட முடியாமல் கிடக்கிறார். இந்த வேலையும் போனால், சாய்ந்த கழுத்தோடு இன்னொரு இடத்தில் யார் சேர்த்துக்கொள்வார்கள்?

காஜாக்காரர்தான் காலையில் தெம்பு சொன்னார். மூடப் போகிறவன் தையல்காரர்களுக்கு இங்கிலீஷ் வாத்தியார் வைப்பானா? வெளிநாட்டுக்காரர்கள் ஆர்டர் கொடுக்க வருகிறார்கள், நாலு வார்த்தை தெரிந்திருக்கட்டும் என்று மேனேஜரே சொல்லியிருக்கிறாரே. காலரக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சட்டை வாங்க வருகிறவன் பாலைவனத்தைப் பற்றி எதற்குக் கேட்கப் போகிறான் என்று யாரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் வகுப்பு முடிந்துவிடும். மாடியில் ஏசி ஓடியது. குளிர்ச்சி வெளியே போகாமலிருக்க ஜன்னல்களை எல்லாம் இறுகச் சாத்தியிருந்தார்கள். பாத்ரூம் போனாலே கடிகாரத்தைப் பார்க்கிற சூப்பர்வைசர், இன்று டீயும் பிஸ்கட்டும் உட்கார்ந்த இடத்துக்கே கொண்டுவந்து நீட்டினார். "இன்னொண்ணு எடுத்துக்கம்மா" என்று வேறு சொன்னார்.

விடுவார்களா? எல்லோரும் ஒரே நாளில் மக்காகிப் போனார்கள். பாலைவனத்தில் உட்கார்ந்து இனிப்பு சாப்பிட்டால் மொத்தம் எத்தனை எஸ் என்று ஒருவர் கேட்டார். சர்க்கரை வியாதிக்காரர் ஒரு எஸ்ஸைக் குறைத்துக்கொள்ளலாமா என்று இன்னொருவர்.

சாரும் சளைக்கவில்லை. எந்தக் கிறுக்குக் கேள்விக்கும் "நல்ல கேள்வி" என்று தலையாட்டினார். போர்டை அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். இப்படி ஒரு பொறுமைசாலியைக் காலரக்கா பார்த்ததே இல்லை.

"பாவம் காலரு, இந்த மனுஷன். நாம அவரு தலையில மொளகா அரைக்கறதுகூடத் தெரியல" என்று காஜாக்காரர் கிசுகிசுத்தார்.

சார் தன் செல்போனைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "இன்னும் கால் மணி நேரம் இருக்கு. வேற யாருக்காவது சந்தேகம்?" என்றார்.

கால் மணி நேரம் கழுத்தைப் பின்னால் சாய்த்து உட்காரலாமே. காலரக்கா எழுந்து நின்றாள்.

"சார், எனக்கு மண்டையில ஏறவே இல்ல. முதல்லேர்ந்து இன்னொரு தடவை சொல்லுங்க."

ஹால் அதிரக் கைதட்டினார்கள். சார் முகமெல்லாம் மலர்ந்து, போர்டில் மறுபடியும் ஒரு எஸ் போட்டார்.

சாரின் செல்போன் ஒலித்ததும் வகுப்பு முடிந்தது. சிரிப்பு அடங்காமலே எல்லோரும் படியிறங்கினார்கள்.

கீழே ஷெட் துடைத்துவிட்ட மாதிரிக் கிடந்தது. ஒரு மெஷின்கூட இல்லை. காலரக்காவின் மெஷின் இருந்த இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

வாட்ச்மேன் வெளி கேட்டைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"கடைசி லாரி இப்பதான் போச்சு" என்றார். "மேல நீங்க கைதட்டினது இங்க வரைக்கும் கேட்டுச்சா, சரி, உங்க சம்மதத்தோடதான் ஏத்துறாங்கன்னு நெனச்சுக்கிட்டேன்."