மேல் தட்டில் ஒரு டம்ளர்

பள்ளிக்கூடச் சட்டைக்கு நாலாவது பட்டனை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள் அவள். ஊசியை இழுத்த விரல்களில் திட்டுத் திட்டாக வெள்ளை.

"பாத்தியா, கடைக்கார அக்கா இன்னிக்கும் தன் டம்ளரைத் தனியா மேல் தட்டுல ஏத்திட்டாங்க," என்று கிசுகிசுத்தாள் பக்கத்து மிஷின்காரி. ஒல்லி உடம்பு, குத்திக் குத்திப் பேசும் வாய். தையல்கடையில் அவளுக்குக் குண்டூசி என்று பேர். "நீ வேலைக்கு வந்த மறுநாள் ஆரம்பிச்ச கூத்து."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"தெரியும். இந்தச் சட்டைங்க முடிஞ்சதும் நின்னுக்கிறேன். கையில தொழில் இருக்கு. மூஞ்சி சுளிக்கிற இடத்துல எனக்கென்ன வேலை?"

"நேத்து தோல் டாக்டர்கிட்ட போனியே, என்ன சொன்னார்?"

"இந்த வெள்ளைத் திட்டு யாருக்கும் ஒட்டாதுன்னார். உடம்புக்குக் காவல் நிக்கிற எதிர்ப்பு சக்தியே ஆள் தெரியாம வீட்டுக்காரனை அடிக்குதாம். சொரியாசிஸும் அப்படித்தானாம். இதுக்கு அது ஒண்ணுவிட்ட தங்கச்சி மாதிரி, சிலருக்கு ரெண்டும் சேர்ந்தே வரும்னார். வீட்டுல யாருக்காவது தோல் செதில் செதிலா உதிருதான்னு வேற கேட்டார்."

துணி வெட்டிக்கொண்டிருந்த அக்காவின் காதில் விழட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னாள்.

கத்தரிக்கோல் நின்றது.

"அதுவும் ஒட்டாதா?" என்றாள் அக்கா.

"எது, அக்கா?"

"அந்த ஒண்ணுவிட்ட தங்கச்சி."

"ரெண்டுமே ஒட்டாது. ஒரே டம்ளர்ல தண்ணி குடிச்சாக்கூட ஒட்டாதாம்." டம்ளர் என்ற இடத்தில் கொஞ்சம் அழுத்தினாள்.

அக்கா எழுந்து வந்தாள். எந்த வெயிலிலும் மடக்காத முழுக்கைச் சட்டையின் கையை மெல்லச் சுருட்டினாள். முழங்கையில் தோல் சிவந்து, மேலே வெள்ளி வெள்ளியாகச் செதில்.

"பத்து வருஷமா இருக்கு. வெக்கப்பட்டு ஒரு டாக்டர்கிட்டயும் காட்டலை. ஏற்கெனவே உனக்கு ஒண்ணு இருக்கே, இதையும் நான் குடுத்துடக் கூடாதேன்னுதான் டம்ளரைத் தனியா வெச்சேன்."

குண்டூசி மிஷினை விட்டு எழுந்து வந்து பார்த்தாள்.

பட்டன் தைத்துக்கொண்டிருந்தவள் எட்டி மேல் தட்டிலிருந்து அந்த டம்ளரை எடுத்தாள். தண்ணீர் மொண்டு ஒரு மடக்குக் குடித்தாள். மிச்சத்தை அக்காவிடம் நீட்டினாள். அக்கா வாங்கிக் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, கழுத்திலிருந்த டேப்பை உருவினாள்.

"கையை நீட்டுங்க. அரைக்கை வெச்சு ஒரு சட்டை தைக்கிறேன். நாளைக்கு அதைப் போட்டுக்கிட்டு நாம ரெண்டு பேரும் தலை நிமிர்ந்து டாக்டர்கிட்ட—"

"ஏங்க, அந்த வெள்ளைக் கைக்காரம்மா இருக்காங்களா?" வாசலில் ஒரு வாடிக்கைக்காரி. "கொஞ்சம் கூப்பிடுங்க. அவங்க கையால பட்டன் வெச்சாத்தான் என் பையன் பிக்க மாட்டேங்கிறான்."