கீழிருந்து மேலே பாய்ந்தவன்

திரையில் ஒரு வெள்ளைக்காரன், ஆளைவிட நீளமான இரண்டு பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு, மலையடிவாரத்திலிருந்து முதுகுப்புறமாக வானத்தில் ஏறினான்.

பெக்கோக் ரப்பர் தோட்டத்துச் சனங்கள் வாய் பிளந்தார்கள்.

திரைக்குப் பக்கத்தில் பிரம்போடு நின்ற அர்ச்சுனனுக்கும் திகைப்புத்தான். ஆனால் ஊமைப் படத்துக்கு வாய் கொடுப்பது அவன் தொழில். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டால் அடுத்த தோட்டத்தில் டிக்கெட் விற்காது.

படப்பெட்டியின் மேல் 'பனிச்சறுக்கு' என்று படம் ஓட்டும் கபீர் எழுதி வைத்திருந்தான். அதை வைத்துக்கொண்டு அர்ச்சுனன் ஆரம்பித்தான்.

அந்த வெள்ளை உப்பும் அல்ல, உறைந்த ரப்பர் பாலும் அல்ல, பனி. கீழேயிருந்து பாய்ந்து உச்சியில் போய் நிற்பவனுக்குக் கோப்பை. முன்னால் பார்த்தால் தலை சுற்றும், அதனால்தான் முதுகைக் காட்டி ஏறுகிறார்கள்.

சனங்கள் நம்பினார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது சும்மாவா?

அந்த வாய்க்கு மசியாத ஒரே ஆள் கூடாரத்துக்கு வெளியே டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தாள். அவன் மனைவி புஷ்பவள்ளி.

அவளுடைய டிரங்குப் பெட்டி கட்டித் தயாராக இருந்தது. காலை ரயிலில் சிங்கப்பூர், அங்கிருந்து கப்பலில் நாகப்பட்டினம். குளுவாங்கில் முகாம் கலைத்ததிலிருந்து அவள் கூடாரத்துக்குள் காலெடுத்து வைக்கவில்லை. அவன் கெஞ்சியும் பார்த்தான், கோபித்தும் பார்த்தான். அவள் போய்விட்டால் தனக்குப் பேச்சு எதற்கு என்றிருந்தது அவனுக்கு.

படம் ஓடியது.

முதலில் வந்தவர்கள் இடுப்பை வளைத்து, மூக்கு பலகை நுனியைத் தொடுகிற மாதிரி குனிந்து பறந்தார்கள். அடுத்தவர்கள் கைகளைச் சக்கரமாய்ச் சுழற்றினார்கள். அதற்கடுத்தவர்கள் நட்டு வைத்த கம்பமாய் விறைத்து நின்றார்கள். மலையும் சிறுத்துக்கொண்டே வந்தது.

ஆரம்பத்தில் பயந்து குனிந்தவர்கள் வித்தை வளர வளர நிமிர்ந்துவிட்டார்கள் என்று அர்ச்சுனன் விளக்கினான்.

நடுநடுவே எழுத்து அட்டைகள் வந்தன. அவனுக்கு இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் எண் தெரியும். 1930. பிறகு 1922. பிறகு 1909.

சட்டென்று கபீரைத் திரும்பிப் பார்த்தான். கபீர் நெற்றியில் அடித்துக்கொண்டான். புதிதாய் வாடகைக்கு வந்த படம்; முன்பு காட்டியவர்கள் திருப்பிச் சுற்றாமல் அனுப்பியதை அப்படியே மாட்டியிருக்கிறான். படம் வால் பக்கமாய் ஓடுகிறது.

அப்படியென்றால் விறைத்து நின்று சின்ன மேட்டைத் தாண்டியவர்கள்தான் பாட்டன்மார். பயம் தெளிந்து, காற்றின் மேலேயே குனிந்து படுத்து, பெரிய மலையைத் தாண்டியவர்கள் பேரன்மார். பாய்ச்சல் எல்லாமே மேலிருந்து கீழே.

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற ஆள் அர்ச்சுனன். நிறுத்தவில்லை.

கடைசித் துண்டு வந்தது. பனியில் ஓர் இளைஞன் அசையாமல் கிடந்தான். சுற்றி நின்றவர்கள் பின்னோக்கி நடந்து விலகினார்கள்.

அர்ச்சுனனின் பிரம்பு தாழ்ந்தது.

சிதறிய பனித்தூள் ஒன்று சேர்ந்தது. முறிந்த பலகை ஒட்டிக்கொண்டது. கிடந்தவன் உருண்டான், எழுந்தான், காற்றில் ஏறினான். உச்சியில் போய் நின்று, தொப்பியைச் சரிசெய்துகொண்டு சிரித்தான்.

"அலமாக்! எந்திரிச்சிட்டான்டா!" என்று கூட்டம் கூவிக் கை தட்டியது.

கூடாரத்தின் திரைச்சீலை விலகியிருந்தது. உள்ளே புஷ்பவள்ளி நின்றுகொண்டிருந்தாள்.

எத்தனையோ வருடம் படச்சுருள் சுற்றிய கை அவளுடையது. படம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவள் புருஷனைப் பார்க்காமல் கபீரிடம் போனாள்.

"இன்னொருவாட்டி காட்டுங்க தம்பி."

"காட்டலாங்கக்கா. இப்ப தானா நேராயிருச்சு, அப்படியே மாட்டினா சரியா ஓடும்" என்றான் கபீர் நிம்மதியாக.

"நேரா வேணாம். இப்ப ஓடுன மாதிரியே ஓட்டுங்க."

கபீர் விழித்தான். அர்ச்சுனன் வந்து அவன் கையிலிருந்து சுருளை வாங்கி, தானே தலைகீழாகத் திருப்பிச் சுற்ற ஆரம்பித்தான். பொறுமையில்லாத கூட்டம் விசிலடித்தது.

புஷ்பவள்ளி ஆட்களுக்கு நடுவே வழி செய்துகொண்டு போய்க் கூடாரத்தின் நடுக்கம்பத்தடியில் உட்கார்ந்தாள். அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.

குளுவாங்கில் மழைக்காற்று அடித்த அன்று, கூடாரத்துணியை இழுத்துக் கட்ட ஏறிய அவர்கள் மகன் மூர்த்தி விழுந்தது அந்தக் கம்பத்தின் உச்சியிலிருந்துதான்.