பின்பாரம்

வண்டி நின்றுவிட்டது. குலசேகரத்தின் கைகள் இன்னும் ஸ்டியரிங்கை விடவில்லை.

பக்கத்து இருக்கையில் மனைவி தவமலர் கண்ணை மூடியபடி இருந்தாள். உதடுகள் மட்டும் அசைந்தன.

சற்று முன், மோட்டார் ஹோமுக்குப் பின்னால் கொளுவியிருந்த கார் முதலில் மெல்லத்தான் ஆடியது. இறக்கத்திலும் குலசேகரம் வேகத்தைக் குறைக்கவில்லை. முந்த முயன்ற பிக்கப் வண்டி பக்கத்தில் வந்தபோது காற்று மோதியது. கார் இடமும் வலமுமாக வீசியது. இருந்து சமைத்துப் படுக்கிற அந்தப் பெரிய வண்டியின் பின்பக்கத்தையே இழுத்து அலைத்தது.

பிக்கப் ஒதுங்க இடமில்லாமல் தெருவை விட்டுப் புல்லுக்குள் இறங்கியது.

கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்து வெட்டவெளி. ஒரு மரமில்லை.

பிக்கப்பிலிருந்து வெள்ளைக்காரர் ஒருவர் ஓடிவந்தார். வயதானவர். பின்னால் அவர் மனைவி, இடது மணிக்கட்டை மற்றக் கையால் பொத்திப் பிடித்தபடி.

பேச்சு வாங்கப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டே குலசேகரம் இறங்கினார்.

"உங்களுக்கு ஒன்றுமில்லையே?" என்றார் வெள்ளைக்காரர். "என் பிழைதான். அவ்வளவு கிட்ட முந்தியிருக்கக் கூடாது."

"காற்று" என்றார் குலசேகரம்.

பிறகு, "பரவாயில்லை" என்றார்.

தவமலர் வண்டியின் படியில் நின்றாள். குலசேகரத்தைப் பார்த்தாள். உள்ளே போனாள்.

காலையில், புறப்படும்போது, அவள் குலசேகரத்திடம் சொன்னாள்.

"பாரமெல்லாம் பின்னுக்குக் கிடக்கு, ஓடேக்கை வண்டி ஆடும். முன்னுக்கு மாத்துவமே, அப்பா?"

அவரோடு கூடப் படித்தவர்கள் வழியனுப்பக் குடும்பங்களோடு சுற்றி நின்றார்கள்.

"உமக்கு இதுகளைப் பற்றி என்ன தெரியும்?" என்றார் குலசேகரம்.

எல்லோரும் சிரித்தார்கள்.

அவளும் சிரித்தாள்.

இப்போது தேத்தண்ணியோடு வெளியே வந்தாள். ஐஸ் கட்டிகளைத் துவாயில் சுற்றி அந்தப் பெண்ணின் மணிக்கட்டில் வைத்தாள். பெண் பல்லைக் கடித்தாள்.

"மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றார் வெள்ளைக்காரர் மறுபடியும். தவமலரைப் பார்த்து.

குலசேகரம் தன் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இல்லை" என்றார்.

அலுவலகக் கூட்டங்களில் தடங்கலில்லாமல் வந்த ஆங்கிலம் துண்டு துண்டாக வந்தது. பாரம் பின்னால். இறக்கத்தில் வேகம். மனைவி சொன்னாள். நான் கேட்கவில்லை.

காற்று இரைந்தது.

வெள்ளைக்காரர் தன் மனைவியின் கையைப் பார்த்தார். குலசேகரத்தைப் பார்க்கவில்லை. பாதி குடித்த கோப்பையைப் படியில் வைத்தார். மனைவியின் தோளை அணைத்துக் கூட்டிக்கொண்டு போனார்.

பிக்கப் உறுமி, புல்லைக் கிழித்து, தெருவில் ஏறியது.

கை காட்டத் தூக்கிய கையைக் குலசேகரம் இறக்கிக்கொண்டார்.

வண்டியின் பின்கதவைத் திறந்தார். ஜெனரேட்டர். தண்ணீர்க் கான்கள். அரிசி மூட்டை. மூட்டையை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினார். மூச்சு வாங்க முன்பக்கம் நடந்துவந்தார்.

தவமலர் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இதை எங்கை வைக்க?" என்று கேட்டார்.

அவள் தண்ணீரை நிறுத்தினாள். கையைத் துடைத்தாள். முன் இருக்கைக்குப் பின்னால் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தாள்.

அவர் மூட்டையோடு வாசலில் நின்றார்.