வாசலில் ஐந்து படிகள்

"நம்ம அடுக்குமாடிக்கு சக்கர நாற்காலியில வர்ற ஆளே கிடையாது. அப்புறம் சாய்தளம் எதுக்கு?" குடியிருப்போர் சங்கச் செயலாளர் மூன்றாவது நோட்டீஸை மேசைமேல் எறிந்தார்.

"படியா இருந்தா எப்படிங்க வருவாங்க?" என்றாள் மனைவி, பட்டாணி உரித்தபடி.

"எவனோ மாற்றுத்திறனாளிகள் சட்டத்தைக் காட்டி மனு போட்டிருக்கான். நோட்டீஸ் அனுப்புற ஆபீஸ்ல பேரைச் சொல்ல மாட்டேங்கிறாங்க. ஆள் கிடைச்சா உண்டு இல்லைன்னு பண்ணிடுவேன்!"

வாய்தான் அப்படி. வழக்குக்குப் பயந்து, பத்தே நாளில் ஐந்து படிகளுக்கும் பக்கத்தில் சாய்தளம் கட்டி முடித்துவிட்டார்.

மறுநாள் காலை அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தவர் திகைத்துப்போனார். மனைவியின் அக்கா, சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு வீட்டு வாசலுக்கே வந்திருந்தார். தங்கைக்குக் கல்யாணமாகி ஆறு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

"மனு போட்டது நான்தாங்க," என்று மனைவி அக்காவைக் கட்டிக்கொண்டாள். "எத்தனை நாளைக்கு நாமளே அவ வீட்டுக்குப் போயிட்டிருக்கிறது?"

செயலாளரின் முகத்தில் அசடு வழிந்தது. அடுத்த நொடி அவருக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "வாங்க, வாங்க!" என்று நாற்காலியைப் பிடிக்கப் போனார்.

"இருங்க மாப்பிள்ளை," வக்கீலான அக்கா கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். "சரிவு கொஞ்சம் கூடுதலாத் தெரியுது. முதல்ல சட்டப்படி அளந்துடுவோம்!"