நாலு மணிக்குக் காலியாகும் இல்லம்

பள்ளிச் சிற்றாலயத்தில் இரண்டு கொடிகள் அருகருகே தொங்கின. நூறு வயதான கொடி, விடுதிப் பிள்ளைகளின் கார்வர் இல்லத்துக்கு உரியது. புதியது, தினமும் வீட்டிலிருந்து வந்துபோகும் பிள்ளைகளின் பிரைஸ் இல்லத்துக்கு.

"நாலு மணிக்கே காலியாகிற உனக்கு இல்லம்னு பேரு வேற. ஒரு கட்டிலாவது உண்டா தம்பி?" என்று கார்வர் கொடி பிரைஸ் கொடியைச் சீண்டும். பிரைஸ் தன் மடிப்புக்குள் சுருங்கும். அதற்கே அந்தச் சந்தேகம் உண்டு.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் விடுதி காலியானது. அடைமழையில் சிற்றாலயக் கூரை ஒழுகிக் கார்வர் நனைந்தது. "பிள்ளைங்க திரும்பி வர்றதுக்குள்ள மக்கிடுவேன்," என்று முனகியது. பிரைஸ் தவித்துப்போனது.

கேரல் பாட வந்த பிரைஸ் இல்லத்து ஜெமிலா நனைந்த கொடியைப் பார்த்தாள். வீட்டுக்கு எடுத்துப்போய்த் துவைத்து, இஸ்திரி போட்டு, மறுநாள் கொண்டுவந்து மாட்டினாள்.

கார்வர் பிரைஸ் பக்கம் அசைந்தது. பிறகு மெல்லச் சொன்னது:

"உனக்கும் கட்டில் இருக்கு தம்பி. நேத்து அதுலதான் என்னை விரிச்சுக் காயப்போட்டாங்க."